மாதம் ஒரு கட்டுரையை எங்களுக்குப் படித்துச் சொல்லுங்கள்
மதுரை வட்டாரக் கல்லூரிகளின் மேலாண்மைத் துறைப் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம்.

கப்பலூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கான ரப்பர் பாகங்கள் செய்யும் சிறிய கம்பெனி ஒன்றில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். புஷ், சீல், கேஸ்கட் என்று கைக்குள் அடங்கும் சாமான்கள்தான். ஆனால் அவை ஒரு நாள் போய்ச் சேராவிட்டால் வாங்குகிற கம்பெனியில் லைன் நின்றுவிடும், எங்களுக்கு அபராதம் வரும். அதனால் சரக்கு எங்கே தடைபடும், தடைபட்டால் என்ன செய்வது என்பதுதான் எனக்கு எப்போதும் நினைப்பு. உங்கள் துறையில் இதற்குச் சப்ளை செயின் ரிஸ்க் என்று பெயர் வைத்து இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாகத் தீவிரமாக ஆராய்ந்து வருகிறார்கள். அந்த ஆராய்ச்சியில் எங்களுக்கு உதவக்கூடியதை மாதம் ஒருமுறை தமிழில் எங்களுக்குப் படித்துச் சொல்லுங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

எனக்குச் செய்தி போதுமான அளவு வருகிறது. செங்கடல் வழி வேண்டாமென்று கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின, கோட்டயத்தில் ரப்பர் ஷீட் விலை ஏறியது, 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் காந்தங்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது. இதெல்லாம் காலை டீ வருவதற்குள் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. ஆனால் இதைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்ய வேண்டும் என்பது எந்தச் செய்தியிலும் இருப்பதில்லை. இதே மாதிரி முன்பு நடந்தபோது யார் என்ன ஏற்பாடு வைத்திருந்தார்கள், எது கைகொடுத்தது, எது வீண் செலவாகப் போனது என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்து எழுதியவர்கள் ஆராய்ச்சியாளர்கள்தான். அது எங்கள் கைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் ஸ்டோர்ஸிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன்.

100 கிலோ ரப்பருக்குக் கார்பன் பிளாக் 40, 50 கிலோ போகும். ஜிங்க் ஆக்சைடு ஐந்து கிலோ, கந்தகம் இரண்டு கிலோ போல. ரப்பரை வேகமாக இறுக வைக்கும் ஆக்சிலரேட்டர் என்று ஒரு பொடி உண்டு, அது ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரை. மாதக் கடைசியில் பில்களைக் கூட்டிப் பார்த்தால் ரப்பரும் கார்பன் பிளாக்கும்தான் பெரிதாக நிற்கும். முதலாளி பேரம் பேசுவதும் நான் தினம் போன் போடுவதும் அந்த இரண்டுக்காகத்தான். ஆக்சிலரேட்டர் மூட்டை ஸ்டோர்ஸின் மூலையில், தரையில் படாமல் ஒரு பலகை மேல், வாய் இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். மிக்சிங் மில்லுக்குத் தருவதற்கு முன் அதைச் சின்னத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்துப் பொட்டலம் போடுவார்கள். அந்தப் பொட்டலம் இல்லாவிட்டால், மோல்டில் சில நிமிடங்களில் க்யூர் ஆகி, அதாவது சூட்டில் வெந்து இறுகி, வர வேண்டிய சாமான் மணிக்கணக்கில் கிடக்கும். பிரஸ் அத்தனையும் நின்ற மாதிரிதான்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் டேவிட் சிம்ச்சி-லெவியும் அவருடன் சேர்ந்தவர்களும் ஃபோர்டு கம்பெனியோடு செய்த ஆய்வைப் படித்த பிறகுதான் அந்த மூலையை நான் உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். 2014, 2015இல் வெளிவந்த ஆய்வு அது. ஒவ்வொரு சப்ளையரின் இடமும் நின்றுபோனால் ஃபோர்டுக்கு எவ்வளவு அடி என்று கணக்கிட்டுப் பார்த்தார்கள். ஒரு சப்ளையருக்கு ஆண்டுக்கு எவ்வளவு பணம் கொடுக்கிறோம் என்பதற்கும், அவர் நின்றால் வரும் நட்டத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி சம்பந்தமே இல்லை என்று தெரியவந்தது. கம்பெனி கண்டுகொள்ளாத மலிவான சாமான்கள் பலவற்றின் பின்னால் பெரிய ஆபத்து ஒளிந்திருந்தது.

அந்த ஆய்வில் எனக்கு ரொம்பப் பிடித்தது, சப்ளையர் எதனால் நிற்பார் என்று ஜோசியம் பார்க்காததுதான். தீயோ வெள்ளமோ ஸ்டிரைக்கோ, எதுவாக இருந்தாலும் கேட்பது இரண்டே கேள்வி. அவர் நின்றால் மறுபடி சரக்கு வர எத்தனை நாள் ஆகும்? அதுவரை நம்மால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்? இரண்டாவது எண் முதல் எண்ணைவிடக் குறைவாக இருந்தால் அங்கேதான் வேலை இருக்கிறது.

ஸ்டோர்ஸ் பார்க்கும் அண்ணனோடு, ஒவ்வொரு சாமானின் வரவு, செலவு, இருப்பு எழுதும் பின் கார்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு இதைப் போட்டுப் பார்த்தேன். "இந்தப் பொடிக்கா சார் இம்புட்டுக் கணக்கு?" என்று கேட்டார். ரப்பருக்குக் கணக்கு சரியாகவே இருந்தது. ஒருவர் இல்லாவிட்டால் கோட்டயத்தில் இன்னொருவர், இல்லையென்றால் கன்னியாகுமரிப் பக்கம் இருக்கிறார்கள். ஆக்சிலரேட்டர் இருப்போ சில வாரத்துக்குத்தான். மாற்றுக் கம்பெனியின் சரக்கை எடுப்பதென்றால் சாம்பிள் வாங்க வேண்டும், எவ்வளவு நேரத்தில் க்யூர் ஆகிறது என்று ரியோமீட்டரில் போட்டுப் பார்க்க வேண்டும், இழுவை டெஸ்ட், ஏஜிங் டெஸ்ட், அப்புறம் வாங்குகிற கம்பெனியின் அப்ரூவல். இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். அந்த அண்ணனே பின் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப இதத்தான மொதல்ல பாக்கணும்" என்றார்.

கூடுதலாக வாங்கி அடுக்கிவிடலாமே என்று தோன்றும். அந்தப் பொடி ஈரமும் சூடும் பட்டால் வீரியம் குறைந்துவிடும், நாளானாலும் குறையும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஆறு மாதச் சரக்கை வைத்துக்கொண்டு யார் பொறுப்பேற்பது? கெட்டுப்போகும் சரக்கின் இருப்புக் கணக்குக்கென்று தனி ஆராய்ச்சியே இருக்கிறது. ஸ்டீவன் நாமியாஸ் 1982லேயே அதுவரை வந்ததையெல்லாம் திரட்டி எழுதிவிட்டார். அந்தக் கணக்கு எனக்குப் புரியாது. உங்களுக்குப் புரியும். எங்கள் பொடிக்கு அதைப் பொருத்திப் பார்த்து, இத்தனை நாளுக்கு வைத்தால் போதும் என்று நீங்கள் சொன்னால் எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சரக்கை அதிகமாக வைத்துக்கொள்வதா, இன்னொரு சப்ளையரைத் தயார் செய்து வைப்பதா என்று எங்களுக்குள் ஓயாத வாக்குவாதம். பிரையன் டாம்லின் என்பவர் 2006இல் 'மேனேஜ்மென்ட் சயின்ஸ்' இதழில் இதை ஆராய்ந்திருக்கிறார். தடை அடிக்கடி வந்து சீக்கிரம் தீர்வதாக இருந்தால் இருப்பு வைத்துக்கொள்வது நல்லது. எப்போதாவது வந்து, வந்தால் நெடுநாள் நீடிப்பதாக இருந்தால் மாற்று சப்ளையர்தான் வழி. அவருடைய முடிவின் சாரம் அதுதான். கேட்டால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் எங்கள் பக்கத்தில் நடந்ததை வைத்துப் பாருங்கள்.

2023 டிசம்பர் 17, 18இல் தென்மாவட்டங்களில் கொட்டிய மழை மறக்கக்கூடியதல்ல. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. தூத்துக்குடியே தண்ணீரில் நின்றது, சாலையும் ரயிலும் துண்டிக்கப்பட்டன. எங்களுக்குத் துறைமுகம் என்றால் தூத்துக்குடிதான். சாதாரண நாளில் காலையில் கிளம்பிய லாரி மத்தியானத்துக்குள் கப்பலூர் வந்துவிடும். அந்த வாரம் யாருக்கும் எதுவும் வரவில்லை. ஆனால் சில நாளில் வழி திறந்தது. அந்தத் தடைக்குக் கையிருப்பு போதும். இதற்கு நேர்மாறாக, 2019 மார்ச் 21இல் சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் ஒரு ரசாயன ஆலை வெடித்து 78 பேர் இறந்தார்கள். அதோடு அந்த ரசாயனப் பூங்காவையே மூட முடிவெடுத்தார்கள். அப்படி ஓர் இடத்திலிருந்து சரக்கு வாங்கியவருக்கு எத்தனை மூட்டை இருப்பு இருந்தாலும் பயனில்லை. எந்தச் சாமானுக்கு எந்த மாதிரித் தடை வரும் என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பதினைந்து நாள் இருப்பு என்று விதி போட்டு வைத்திருக்கும் கம்பெனிகள்தான் இங்கே அதிகம்.

இரண்டு சப்ளையர் வைத்திருந்தால் பயமில்லை என்ற நம்பிக்கையும் அப்படித்தான். இருவரும் ஒரே ஃபேக்டரியிலிருந்து வாங்கி விற்கும் வியாபாரிகளாக இருந்தால், நமக்கு இருப்பது உண்மையில் ஒரு சப்ளையர்தான். 2012 மார்ச் 31இல் ஜெர்மனியின் மார்ல் நகரில் எவோனிக் ஆலையில் தீப்பிடித்தபோது உலகம் முழுக்கக் கார் கம்பெனிகள் பதறியது இதனால்தான். பெட்ரோல் குழாய்க்கும் பிரேக் குழாய்க்கும் ஆன நைலான்-12ஐப் பலரிடம் வாங்கினாலும், அதற்கான மூலப்பொருளுக்குப் பெரும்பாலும் அந்த ஓர் ஆலையைத்தான் நம்பியிருந்தார்கள். மேலே ஒரு கம்பெனி, நடுவில் பல சப்ளையர்கள், அடியில் மறுபடி ஒரே ஆள் என்று சங்கிலி வைர வடிவில் குறுகுவதை ஆங், யான்கு, ஸ்வின்னி மூவரும் 2017இல் ஆராய்ந்து எழுதினார்கள். அதைப் பற்றித் தெரிந்த பிறகு புது வியாபாரி யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, சரக்கு எந்த ஃபேக்டரியில் தயாராகிறது என்பதுதான். சொல்லத் தயங்குகிறவர்களும் உண்டு. அவர்களிடம் மூட்டையின் லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

இப்படி நான்கு விஷயம் தெரிந்துகொள்ளவே எனக்கு எவ்வளவோ காலம் ஆனது. ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில் அலர்ட் போட்டு வைத்திருக்கிறேன். 2020இல் கொரோனா வந்த பிறகு இந்தத் தலைப்பில் வந்து குவியும் கட்டுரைகளுக்கு அளவே இல்லை. தலைப்பைப் பார்த்தால் எல்லாம் எங்களுக்காகவே எழுதியது போல இருக்கும். திறந்தால் பாதி, இருநூறு முந்நூறு மேனேஜர்களிடம் படிவம் கொடுத்து, ஒன்று முதல் ஐந்துக்குள் எத்தனை என்று கேட்டு, அதிலிருந்து அம்புக்குறி போட்ட படம் வரைந்தவை. அவற்றால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. உண்மையான சரக்கு வரவை, உண்மையான நட்டத்தை வைத்து எழுதியவை கொஞ்சம்தான். எது நெல், எது பதர் என்று பிரிக்கப் படிப்பு வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது. நல்ல இதழ்களில் வருகிறவையோ பணம் கட்டினால்தான் திறக்கும். ஒரு கட்டுரைக்குக் கேட்கும் பணத்தை எங்கள் மாதிரி கம்பெனியில் எந்தத் தலைப்பில் பில் போடுவது?

உங்களில் அரசுப் பல்கலைக்கழகங்களிலும் அரசுக் கல்லூரிகளிலும் இருப்பவர்களுக்கு அந்தக் கதவு இப்போது திறந்திருக்கிறது. 2024 நவம்பர் 25இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை 6,300க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் படிக்கலாம். மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் கப்பலூர்க்காரர்களும் கே.புதூர் தொழிற்பேட்டைக்காரர்களும் கட்டிய வரியும் இருக்கிறது. கட்டுரையின் நகலை எங்களுக்குக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்குச் சட்டதிட்டம் இருக்கும். படித்ததை வாயால் சொல்ல எந்த அனுமதியும் வேண்டாமே!

மாணவர்களைப் பற்றியும் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் எம்.பி.ஏ. பிள்ளைகள் புராஜெக்ட் என்று எங்களிடம் வருகிறார்கள். நல்ல பிள்ளைகள். கையில் இருபது கேள்வி உள்ள ஒரு படிவம் இருக்கும். 'உங்கள் நிறுவனத்தின் கொள்முதல் முறை திருப்திகரமாக உள்ளதா?' டிக் அடிக்கச் சொல்வார்கள். வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்து என்ன தெரிந்தது என்று சொன்னதே இல்லை. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை; அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். அதே பிள்ளையை ஒரு வாரம் எங்கள் ஸ்டோர்ஸில் உட்காரவையுங்கள். முப்பது சாமானை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அந்த இரண்டு எண்களையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சப்ளையருக்கு சப்ளையர் யார் என்று போன் போட்டு விசாரிக்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கும் வேலைக்கான படிப்பு, எங்களுக்கும் கையில் ஒரு பட்டியல்.

எங்கள் தரப்பில் ஒரு தடை இருக்கிறது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்று கேட்கும் முதலாளிகள் இங்கே நிறைய. முப்பது வருடமாகத் தொழில் செய்கிறேன், எனக்குத் தெரியாததா என்பார்கள். அவர்களுக்கு நீங்கள் ஐசின் தீ விபத்தைச் சொல்ல வேண்டும். 1997 பிப்ரவரி 1இல் ஜப்பானின் காரியா நகரில் ஐசின் கம்பெனியின் ஆலை எரிந்தது. டொயோட்டாவுக்கான ஒரு சின்ன பிரேக் வால்வை ஏறத்தாழ முழுவதும் அந்த ஆலைதான் செய்துகொண்டிருந்தது. கையிருப்பு மிகக் கொஞ்சம். டொயோட்டாவின் ஆலைகள் அடுத்தடுத்து நின்றன. ஆனால் ஒரு வாரத்துக்குள் அந்த ஆலைகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. எப்படி? இருநூறுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் உதவிக்கு வந்தன; அவற்றில் பல, டிராயிங்கை வாங்கிக்கொண்டு தங்கள் மெஷினிலேயே அந்த வால்வைச் செய்து கொடுத்தன. தையல் மெஷின் செய்யும் பிரதர் கம்பெனியும் அதில் ஒன்று. நிஷிகுச்சி, போடே இருவரும் அடுத்த ஆண்டே இதை ஆராய்ந்து எழுதினார்கள். விலை என்ன, பணம் எப்போது என்று அந்தக் கம்பெனிகள் முதலில் பேசிக்கொண்டு நிற்கவில்லை. பல வருடம் சேர்ந்து வேலை செய்த பழக்கம்தான் அந்த ஒரு வாரத்தில் கைகொடுத்தது என்பது அந்த ஆய்வாளர்கள் இருவரும் கண்டது. கப்பலூரில் எந்த ஷெட்டில் எத்தனை டன் பிரஸ் இருக்கிறது, புதூரில் யாரிடம் சிஎன்சி இருக்கிறது என்ற பட்டியல்கூட நம்மிடம் இல்லை. முப்பது வருட அனுபவமுள்ள முதலாளிதான் இந்தக் கதையைக் கேட்டதும் மற்றவர்களைவிட வேகமாகப் புரிந்துகொள்வார். அவருக்குச் சொல்கிற விதத்தில் சொல்ல ஆள் வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் நாங்கள் வாங்குகிறவர்களாக மட்டும் இருக்க மாட்டோம். மன்மோகன் சோதி, சன், டாங் ஆகியோர் 2012இல் எழுதிய கட்டுரையில் தங்கள் துறையின் குறைகளைத் தாங்களே பட்டியலிட்டிருக்கிறார்கள். ரிஸ்க் என்றால் என்ன என்பதிலேயே ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. விபத்து நடந்த பின் எப்படிச் சமாளிப்பது என்பது பற்றி ஆராய்ச்சி போதவில்லை. களத்திலிருந்து எடுத்த தரவை வைத்துச் செய்த ஆராய்ச்சியும் போதவில்லை. பின்னது இரண்டும் எங்களிடம் இருக்கிறது. பங்குச் சந்தையில் இருக்கும் பெரிய கம்பெனிகளின் தரவு எல்லோருக்கும் கிடைக்கும். அமெரிக்காவில் ஹென்ட்ரிக்ஸும் சிங்கலும் 519 அறிவிப்புகளை எடுத்துக்கொண்டு, சரக்குத் தடை பற்றிய செய்தி வந்ததும் பங்கு விலை சராசரியாகப் பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்ததை 2003இல் காட்டினார்கள். நாற்பது பேர் வேலை செய்யும் ஷெட்டுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கப் பங்கு விலையா இருக்கிறது? எங்கள் கேட் ரிஜிஸ்டரும் ஸ்டோர்ஸ் பதிவேடும்தான் இருக்கின்றன. அவற்றைப் படிக்க இதுவரை யாரும் வந்ததில்லை.

ஏற்பாடு எளிதாக இருக்கட்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பொது ஷிப்ட் முடிந்த பிறகு, ஒரு மணி நேரம். ஒரு மாதம் கப்பலூர், ஒரு மாதம் புதூர், ஒரு மாதம் உங்கள் கல்லூரி. ஒரே ஒரு கட்டுரை. என்ன கேள்வி கேட்டார்கள், எந்தத் தரவை வைத்து, என்ன தெரிந்தது, எங்கள் அளவுள்ள கம்பெனிக்கு அது எங்கே பொருந்தாது. இந்த நான்கையும் சொன்னால் போதும். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஃபோர்டுக்கு நல்லது எல்லாம் எங்களுக்கு நல்லதாகிவிடாது. முடிந்தால் இரண்டு பக்கம் தமிழில் எழுதிக் கொடுங்கள். வராதவர்களுக்குப் போய்ச் சேரும். மேடை, பொன்னாடை, வரவேற்புரை எல்லாம் வைத்தால் அந்த ஒரு மணி நேரம் அதிலேயே போய்விடும். ராஜபாளையம் மில்காரர்களுக்குப் பஞ்சு, சிவகாசிக்காரர்களுக்குக் காகிதமும் ரசாயனமும், மாட்டுத்தாவணியில் மல்லி ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு விமானம் கிளம்பும் நேரம் என்று ஒவ்வொருவருக்கும் கவலை வேறு. அவரவர் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லூரி அவரவர் தொழிலை எடுத்துக்கொண்டால் நல்லது.

முதல் கூட்டத்துக்கு டாம்லின் கட்டுரையை எடுக்கலாம் என்பது என் விருப்பம். அதற்கு எங்கள் கம்பெனியின் 2023 டிசம்பர் சரக்கு வரவுப் பதிவேட்டைக் கொண்டுவருகிறேன். எந்த லாரி எந்த நாள் வர வேண்டியது, எந்த நாள் வந்தது, எந்த பிரஸ் எத்தனை ஷிப்ட் நின்றது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. முதலாளியிடம் பேசிவிட்டேன், விலையை மட்டும் மறைத்துவிட்டுக் காட்டலாம் என்று சொல்லியிருக்கிறார். உங்களுக்கு எந்தெந்த விவரம் வேண்டுமென்று முன்கூட்டிச் சொன்னால், ஸ்டோர்ஸ் அண்ணனும் நானும் அதைத் தனித்தாளில் எடுத்து எழுதி வைத்துவிடுவோம்.

அன்புடன்,
கப்பலூர் தொழிற்பேட்டையிலிருந்து ஒரு பர்ச்சேஸ் ஊழியர்